சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாத்திரங்கள்

அருள், இதை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றிக்கொண்டு, உட்கார்ந்து படி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இன்றைக்கு அது எனக்கு வசதி. மெதுவாகப் படித்தால்தான் நான் சொல்வது உன் மண்டையில் ஏறும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். உத்தியோகக் காலம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் நான். என் பேச்சுக்குத்தான் லைன் கிடைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். "அம்மா, தொட்டம்மா வீட்டை இடிக்கப்போறாங்களாமே. அவங்களை வைட்ஃபீல்டுக்குக் கூட்டிட்டு வந்துடட்டுமா? இங்க ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். இல்லையப்பா. அப்போது எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் வேறு பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ரூம் எனக்கென்று சொன்ன ரூம். நான்தான் லிஃப்ட் ஒத்துக்கொள்ளாது, வியாழக்கிழமை நவநாளுக்குக் குழந்தை இயேசு கோயிலுக்குப் போக முடியாது, விவேக் நகரை விட்டு வர மாட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். வேறு யாரையாவது வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. நான் வயிறெரிந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ரீனா வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, அவளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும், அவளுக்காகவும் சொல்கிறேன். நம் வீட்டுக்கும் சரோஜக்கா வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. நாம் சொந்த வீடு, அவர் லீஸ் வீடு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு லீவு முடிந்துவிட்டது. உன் அப்பா மெஷின் ரிப்பேர் வேலையாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். சரோஜக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், விடிவதற்கு முன் கிளம்பிவிடுவார். ஒருநாள் சரோஜக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார். நான் உன்னைத் தூக்கிக் கொடுத்தேன். மாலையில் ஷிப்ட் முடிந்து வந்து வாங்கிக்கொண்டேன். நீ பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் வயது வரைக்கும் அப்படியே ஓடியது. உனக்குப் பேச்சு வந்ததும் அவரைத் தொட்டம்மா என்று கூப்பிட்டாய். கன்னடத்தில் பெரியம்மா. அதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னைவிட மூத்தவர், உனக்குப் பெரியம்மா முறைதான். ஆனாலும் அவர் பெரிய அம்மா என்றால் நான் யார் என்று எனக்கு அன்றைக்கே ஒரு குத்தல்.

அந்தக் குத்தலோடுதான் அல்சூர் பாத்திரக் கடைக்குப் போனேன். நம் சனங்களுக்கு வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவரத் தெரியாது. உனக்கென்று கைக்கு அடக்கமாக ஒரு டம்ளர் எடுத்து, அருள் என்று தமிழில் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் அந்தக் குட்டி மெஷினை டர்ரென்று ஓட்டி அழகாக வெட்டிக் கொடுத்தார். காலையில் உன்னோடு அந்த டம்ளரும் சுவர் தாண்டிப் போகும், மாலையில் உன்னோடு திரும்பி வரும். குழந்தை யாருடையது என்று அந்த வீட்டு அலமாரிக்குக்கூடத் தெரியட்டும் என்று எனக்குள் ஒரு திருப்தி. அந்தத் திருப்தி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அடுத்த வாரமே சரோஜக்கா இன்னொரு டம்ளர் வாங்கிவிட்டார். அதே அளவு, அதே அருள். ஆனால் கன்னட எழுத்து. "தினம் எதுக்கு டம்ளரைத் தூக்கிட்டு வர்றே, பிலோ? அது அங்க இருக்கட்டும், இது இங்க இருக்கட்டும்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் புகை வந்தது. அந்த டம்ளரைப் பார்த்துப் பார்த்து நீ தமிழில் உன் பேரைப் படிப்பதற்கு முன்பே கன்னடத்தில் படித்துவிட்டாய். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து சீட்டில் இருந்தவள் "உங்க பையன் கன்னடம் படிக்கிறானாமே, கெட்டிக்காரன்" என்று பாராட்டினாள். அன்றைக்கு அவளோடு நான் டீ குடிக்கப் போகவில்லை.

இதெல்லாம் பழைய கதை, அம்மா மறந்திருப்பாள் என்று நினைத்தாயோ என்னவோ. உன் புது வீட்டை மந்திரிக்க ஃபாதர் வந்த அன்று நான் உன் சமையலறைக்குள் நுழைந்தேன். மாமியார் சமையலறையை நோட்டம் விடுகிறாள் என்று ரீனா நினைத்திருப்பாள். நான் நோட்டம் விட்டது உண்மைதான், ஆனால் அவளுடைய சமையலை அல்ல. நான் வாங்கிக் கொடுத்த இட்லிப் பானை பரணில் அட்டைப்பெட்டியோடு இருந்தது. குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்துக் கொடுத்த பித்தளை அடுக்கைக் காணவே இல்லை. நீ ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாய், கையில் அந்தக் கன்னட டம்ளர். என் டம்ளர் எங்கே என்று வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. தேடினேன். பால்கனியில் மணி பிளான்ட் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றுவதற்காகக் குத்திவைத்திருந்தது. பின்னாலேயே வந்த ரீனா, பாவம், "அத்தை, அவருக்கு அந்த டம்ளர்லதான் காப்பி இறங்கும். நான் எத்தனை கப் மாத்திப் பாத்துட்டேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மெட்ரோவில் வீடு திரும்பும் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு "தொட்டம்மா அக்கி ரொட்டியில சப்சிகைக் கீரை போடுவாங்க, இதுல இல்லையே" என்று ரீனா சுட்ட அரிசி ரொட்டியைக் காட்டி அவளிடமே சொல்கிறாய். நானே காதால் கேட்டேன். இனிமேல் சொல்லாதே. அதே மாதிரி சின்ன வயதில் நீ என்னிடம் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஷிப்ட் முடிந்து வந்து, கால் வலிக்க நின்று சுட்ட தோசையைத் தட்டில் போட்டால், நீ ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு "தொட்டம்மா வீட்டு தோசைதான் நல்லா இருக்கும்" என்பாய். அங்கே அவர் தோசையே சுட்டிருக்க மாட்டார். ரீனாவுக்கும் வயிறு உண்டு, அதுவும் எரியும். அவள் வாய் திறந்து சொல்லவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. அவளும் உன் வீட்டுக்கு ஏதாவது பாத்திரம் கொண்டுவந்திருப்பாள். அதில் ஒன்றை எடுத்துத் தினமும் புழங்கு, அவள் கண்ணில் படுகிற மாதிரி.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், செருப்பைக்கூடப் போடாமல் அடுத்த வீட்டுக்குப் போனது. சண்டை போடத்தான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது. சரோஜக்கா சமையலறைத் தரையில் பாத்திரங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டு ஓனருக்கு அந்த இடத்தில் நாலு மாடி பி.ஜி. ஹாஸ்டல் கட்ட வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாண்டியாவில் இருக்கிற அக்கா மகன் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அந்தப் பேச்சை அவர் என்னிடம் சொன்னபோதெல்லாம் நான் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"அருள்கிட்ட நீங்களா கேட்டீங்க?" என்றேன், நின்றபடியே.

"ஏனு? என்ன கேட்டேன்?"

"வைட்ஃபீல்டுக்கு வர்றேன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எதுக்குக் கேக்கப்போறேன்? அவனா கூப்பிட்டான். நான் பேடப்பா, வேண்டாம், அங்க வந்து பதிமூணாவது மாடியில நின்னு நான் யாரைப் பாக்கறதுன்னு சொல்லிட்டேன். மத்தெ அவன் விட்டாத்தானே. அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னான். நீ உக்காரு முதல்ல. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சண்டைக்கு வந்தவளை உட்காரச் சொன்னால் என்ன செய்வது? உட்கார்ந்தேன். பாத்திரங்களைப் பிரிக்க ஆரம்பித்தோம். அங்கேதான் ஒரு கூத்து. அந்தத் தரையில் கிடந்ததில் பாதிக்கு மேல் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சுவர் தாண்டி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வழக்கம், எனக்கும் அதே வழக்கம். கிறிஸ்துமஸ் கேக் போன தட்டு சங்கராந்திக்கு எள்ளு வெல்லத்தோடு திரும்பி வரும். அது காலியானதும் நான் வேறு எதையாவது போட்டு அனுப்புவேன். கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் பாத்திரம் அங்கேயே தங்கிவிடும். இப்படியே போய் வந்து, என் பேர் வெட்டிய அடுக்கு அவர் வீட்டில், அவர் கரண்டி என் வீட்டில். குக்கர் அவருடையது, அதற்கு மூடி என்னுடையது, இரண்டும் பொருந்தி இத்தனை காலமாகச் சோறு வெந்திருக்கிறது. "இது ஒன்னுது, எடுத்துக்கோ" என்பார். "இல்லக்கா, இது நீங்க கல்யாண வீட்ல வாங்கினது" என்பேன். ஒரு இட்லித் தட்டுக்கு மட்டும் இரண்டு பேரும் உரிமை கொண்டாடிப் பிடுங்கிக்கொண்டோம். கொஞ்ச நேரம் நான் வந்த காரியமே மறந்துபோனது.

மறந்ததை அவரே ஞாபகப்படுத்திவிட்டார். ஓரமாக ஒரு குவியல் சேர்த்துக்கொண்டிருந்தார். நீ தாளம் தட்டிய பால் செம்பு, நீ ராகி முத்தை என்கிற களியைப் பிய்த்துத் தின்ற குழித்தட்டு, உனக்குக் காய்ச்சல் வந்தபோது அரிசிக் கஞ்சி கரைத்துக் கொடுத்த ஸ்பூன், நீ தவழ்ந்து போய் முட்டிக்கொண்டு சப்பையாக்கிய டப்பா. "இது அருளுக்கு. இதுவும் அருளுக்கு. இதைப் பார்த்தா அவன் சிரிப்பான், இதுவும் அருளுக்கு." ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். ஒரு கதையிலும் நான் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு அருள் அந்தப் பாத்திரங்களில் வளர்ந்திருக்கிறான். நீ முதல் அடி வைத்ததே அந்தச் செம்பை எட்டிப் பிடிக்கத்தானாம். எனக்கு அதை அன்றுவரை யாரும் சொன்னதில்லை. நம் வீட்டில் நீ நடந்தபோது அதுதான் முதல் தடவை என்று நினைத்து நான் சக்கரைப் பொங்கல் வைத்து அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அது தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

அப்போது குஜிரிக்காரர் வந்தார். பழைய சாமான் எடுக்க அவரை அக்கா முன்னமே சொல்லி வைத்திருந்தார். மிக்ஸி, ஓட்டை வாளி, துருப்பிடித்த ஸ்டூல் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சமையலறை மூலையில் இருந்த ஒயர் நாற்காலியிலும் கை வைத்தார். இரும்புச் சட்டத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் ஒயர் பின்னின நாற்காலி, உனக்கும் ஞாபகம் இருக்கும். சரோஜக்கா முட்டி வலியையும் மறந்து விருட்டென்று எழுந்துவிட்டார். "அதை விடுப்பா. அது போடறதில்ல. அது நம்ம பிலோவோடது."

நான் ஒருநாளும் அந்த நாற்காலியை வாங்கவில்லை. அவர் வீட்டுச் சாமான்தான். ஆனால் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் நான் நேரே நம் வீட்டுக்கு வர மாட்டேன். உன்னை வாங்கிக்கொள்ளும் சாக்கில் அந்த நாற்காலியில் போய் விழுவேன். அவர் காப்பி கலந்து கையில் கொடுப்பார். நான் சூப்பர்வைசரைத் திட்டுவேன், என் மாமியாரைத் திட்டுவேன், உன் அப்பாவைத் திட்டுவேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுவார். உன் அப்பா போன பிறகு திட்ட ஆள் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன், அப்போதும் அவர் உம் கொட்டுவார். நீ என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். "அம்மா வா, அம்மா வீட்டுக்கு வா" என்று காலை உதைத்துக்கொண்டு அழுவாய். நான் அவரோடு பேசுவது உனக்குப் பிடிக்காது. அந்த நாற்காலியில் நான் எழுந்த நேரம் பார்த்து நீ ஏறி உட்கார்ந்துகொள்வாய், நான் மறுபடி உட்காரக் கூடாது என்று. ஒயர் அறுந்தபோதெல்லாம் அவரே பின்னியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் உட்காரப் போனால்கூட "அங்க பேட, அது பிலோ வந்தா உக்கார்றது" என்பாராம். இதையும் எனக்கு இப்போதுதான் சொன்னார். தெருவில் எல்லோருக்கும் நான் அருள் அம்மா. பேங்கில் மேடம், உனக்கு அம்மா, ரீனாவுக்கு அத்தை. உன் அப்பாவும் என் அம்மாவும் போன பிறகு, என்னைப் பிலோ என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்து படுத்தேன், ஆனால் பகல் தூக்கம் பிடிக்கவில்லை. உன் வீட்டில் அவர் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். காலையில் நீ ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் டிபன் எடுத்து வைப்பார், மாலையில் நீ வந்ததும் முகத்தைப் பார்த்தே என்ன ஆச்சு என்று கேட்பார். நான் மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி வந்து, கேட்டில் செக்யூரிட்டி என் பேரைக் கேட்டு மேலே போன் போடும்வரை பையோடு நிற்பேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜல்லியும் சிமெண்டும் கொட்டிக் கிடக்க, நாலு மணிக்கு எனக்குப் போக இடம் இல்லாமல், நம் ஹாலில் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. அதை நினைத்ததும் முதலில் சொன்ன எரிச்சல் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக உன்னை எடுத்துக்கொண்டார் என்று அவர் மேல் பொறாமைப்பட்டேன். இப்போது எனக்குப் பொறாமை உன் மேல்தான் அருள். உனக்கு ரீனா இருக்கிறாள், ஆபீஸ் இருக்கிறது, நாளைக்குப் பிள்ளை குட்டி வரும். அது போதாதென்று அவரையும் கேட்கிறாயே.

அன்று மாலை நாலு மணிக்கு மறுபடி போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். "அக்கா, மாண்டியாவும் வேண்டாம், வைட்ஃபீல்டும் வேண்டாம். என் வீட்டுக்கு வாங்க" என்றேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒரே அடுப்புல ரெண்டு பேரா? ஒரு வாரத்துல மண்டை உடையும்" என்றார். அடுப்பை இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். முன் ரூம் அவருக்கு, வாசலும் தனி, பூஜை செய்துகொள்ளட்டும், குழந்தை இயேசு படம் என் பக்கச் சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தார்.

"வர்றதுக்கு எனக்கு ஆசைதான் பிலோ. ஆனா குழந்தை ஆசையாக் கூப்பிட்டப்போ பேடன்னுட்டு, நீ கூப்பிட்டதும் வந்தா அவன் மனசு நொந்துபோகும். அவனுக்கு நோகற காரியத்தை நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. அதுக்கு நான் மாண்டியாவுக்கே போயிடறேன்."

இங்கேயும் நீதான் முன்னால் வந்து நிற்கிறாய், பார்த்தாயா? எனக்கு அந்தக் கத்தியை எடுத்து வெங்காயத்தை நானே நறுக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. அக்கா மகன் வண்டி பேசிவிட்டானாம். அங்கே பின்கட்டில் ஒரு ரூம், கன்னடம் பேசுகிற ஊர், சொந்தக்காரர்கள், எல்லாம் சரி. உன்னையும் என்னையும் தவிர எல்லாம் இருக்கும்.

அதனால் என் பதில் இதுதான். உன் ரூமுக்கு அவர் வர வேண்டாம். நீயே அவருக்குப் போன் போடு. மீட்டிங் இருக்கிறது, டிராஃபிக், ரீனாவுக்கு வேலை என்று எதையாவது சொல், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. ரூம் தோதுப்படாது தொட்டம்மா, நீங்க அம்மாகூட இருந்தா எனக்கு நிம்மதி என்று உன் வாயால் சொல். நீ சொன்னால்தான் அவர் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் உன்னை அவருக்கு விட்டுக்கொடுத்தேன், தினம் தினம், வயிறு எரிய எரிய. இப்போது நீ அவரை எனக்கு விட்டுக்கொடு.

ஞாயிற்றுக்கிழமை ரீனாவோடு வா. மதியச் சாப்பாடு எந்த அடுப்பில் என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். கேட்டைத் திறக்கும்போதே குரல் கொடு. எங்கள் இரண்டு பேரில் யாரை முதலில் கூப்பிடுகிறாய் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா